லோட்டனா, ஊதாவா? தேன்சிட்டுக் கேள்வி பதில்

வெள்ளவத்தை: அக்கா, எங்கட தொடர்மாடி பல்கனியில இருக்கிற செவ்வரத்தைக்கு ஒரு கறுப்புத் தேன்சிட்டு வருது. ஊதாத் தேன்சிட்டா, லோட்டனா எண்டு பிடிபடேல்ல.

முதலில் அலகைப் பாருங்கோ. நிறத்தை நம்பவே வேண்டாம். வெயில் படுகிற பக்கத்தைப் பொறுத்து அந்த மினுக்கம் பச்சையாகும், ஊதாவாகும், நிழலுக்குள் போனால் வெறும் கறுப்பாகும். லோட்டனின் அலகு தலையைவிட நீளம், அரிவாள் மாதிரிக் கீழே வளைந்திருக்கும். ஊதாத் தேன்சிட்டின் அலகு கட்டை, வளைவும் கொஞ்சம்தான்.

அடுத்தது வயிறு. லோட்டன் ஆணுக்கு மார்புக்குக் கீழே மங்கிய கபில நிறம், ஊதா ஆணுக்கு அங்கேயும் கறுப்பு. பல்கனிக் கம்பியில் அது உங்களுக்கு முன்பக்கம் காட்டி இருக்கும்போது ஒரு படம் எடுத்தால் தெளிவாகிவிடும். மார்பில் இருக்கும் சிவந்த பட்டியை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம், ஊதாவிலும் அது மெல்லியதாக வரும்.

இடமும் முக்கியம். ஊதாத் தேன்சிட்டு வறண்ட பிரதேசத்தை விரும்புகிற பறவை. வெள்ளவத்தையில் உங்கள் செவ்வரத்தைக்கு வருவது பெரும்பாலும் லோட்டனாகத்தான் இருக்கும்.

தெஹிவளை: பெண் பறவைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்குதே, அக்கா?

உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. தொண்டை வெள்ளைச் சாம்பலாகவும் அதற்குக் கீழே மார்பு மஞ்சளாகவும் இருந்தால் அது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு என்ற மூன்றாவது இனத்தின் பெண். கொழும்புத் தோட்டங்களில் அடிக்கடி காண்பது இதைத்தான். தொண்டையில் இருந்தே மங்கிய மஞ்சள் என்றால் லோட்டன் அல்லது ஊதா. அந்த இரண்டையும் பிரிக்கத் திரும்பவும் அலகுதான். அலகு தெரியாத படத்தை வைத்து நான் பெயர் சொல்ல மாட்டேன்.

களுபோவில: யாழ்ப்பாணத்துக்குப் போனபோது ஒரு தேன்சிட்டைக் கண்டேன். வயிறு மஞ்சள், தொண்டையில் இருந்து நடுவால ஒரு கறுப்புக் கோடு. இது வேற இனமா?

இல்லை தம்பி, ஊதாத் தேன்சிட்டின் ஆண்தான். இனப்பெருக்க காலம் முடிந்ததும் மினுக்கச் சிறகுகள் உதிர்ந்து, பெண்ணைப் போல மாறிவிடும். அந்தக் கோடு மட்டும் மிஞ்சும்.

பம்பலப்பிட்டி: லோட்டன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்த யோன் கிதியோன் லோட்டனின் பெயர் அது. இங்குள்ள பறவைகளை பீட்டர் டி பெவெர் என்பவரைக் கொண்டு அழகாக வரைவித்தவர். 1766இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இந்தப் பறவைக்கு அவருடைய பெயரை வைத்தார். இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இது இல்லை. ஆளுநரின் பெயரோடு ஓவியரின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கோ, அந்த மனிதரை அநேகம் பேருக்குத் தெரியாது.

பத்தரமுல்லை: இவை ஹம்மிங் பறவைகளா?

இல்லை. அவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை, வேறு குடும்பம்.

கொட்டாஞ்சேனை: உடுப்புக் காயப்போடுற கயிற்றில கூடு கட்டியிருக்கு அக்கா. கழற்றி மரத்தில கட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். இடம் மாறினால் தாய் கைவிட்டுவிடக்கூடும். கிட்டப் போகாமல் தூரத்தில் நின்று பாருங்கோ: சிலந்தி வலையால் நாரைப் பின்னி, வெளியே மரப்பட்டைத் துண்டும் புழுவின் எச்சமும் ஒட்டி, பார்க்கிறவர்களுக்குக் குப்பை தொங்குவது போலத் தெரிய வைத்திருக்கும். பக்கத்தில் வாசல், அதற்கு மேலே சின்னத் தாழ்வாரம் இருந்தால் அநேகமாக ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. வழமையாக இரண்டு முட்டை இடும், பொரிக்க இரண்டு கிழமை அளவில் ஆகும், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு கிழமைக்கு மேல். அதுவரை உடுப்பை வேறு கயிற்றில் போடுங்கோ. பூனை ஏறக்கூடிய கதிரை, வாளி ஏதும் கீழே இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கோ.