சாக்குக்குள் கை விட்டால் ஏன் சுடுகிறது?

கேள்வி: சம்பா நாற்றங்காலுக்கு விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடினோம். மறுநாள் காலையில் கையை விட்டுப் பார்த்தால் நல்ல சூடு. ‘நெல்லுக்குக் காய்ச்சலாப்பா?’ என்கிறாள் என் மகள். இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? – வாசகர், நீடாமங்கலம்

பதில்: உங்கள் மகள் பாதிக் கிணறு தாண்டிவிட்டாள். காய்ச்சலில் நம் உடம்பு சுடுகிறதே, அந்தச் சூடும் சாக்குக்குள் இருக்கும் சூடும் ஒரே வேலையிலிருந்துதான் வருகின்றன. செல்கள் சாப்பாட்டை எரிக்கும் வேலை அது. செல் சுவாசம் என்று பெயர்.

காய்ந்த விதையும் மூச்சு விடத்தான் செய்கிறது, ஆனால் வெளியே தெரியாத அளவுக்கு. தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் நொதிகள் விழித்துக்கொண்டு மாவைச் சர்க்கரையாக உடைக்கின்றன. முளைகட்டிய தானியத்தை மென்றால் லேசாக இனிப்பது இதனால்தான். சரி, சர்க்கரை வந்தாயிற்று, அதை அப்படியே செலவு பண்ண முடியுமா என்றால் முடியாது. குளுக்கோஸ் ஐந்நூறு ரூபாய்த் தாள் மாதிரி, காலை ஆறு மணிக்கு டீக்கடையில் நீட்டினால் முறைப்பார்கள். செல்லுக்குள் எந்த வேலைக்கும் சில்லறைதான் செல்லும். அந்தச் சில்லறைக்குப் பெயர் ஏடிபி.

சில்லறை மாற்றுவது இரண்டு இடத்தில் நடக்கிறது. செல்லின் கூழ் போன்ற பகுதியில் குளுக்கோஸ் முதலில் இரண்டாக உடைகிறது. லாபம் 2 ஏடிபி, இதற்கு ஆக்சிஜனே வேண்டாம். அப்புறம் அந்தத் துண்டுகள் மைட்டோகாண்ட்ரியா என்னும், செல்லுக்குள் இருக்கும் குட்டி அறைகளுக்குள் போகின்றன. அங்கே கார்பன் எல்லாம் கரியமில வாயுவாகக் கழன்றுவிட, மிஞ்சிய எலக்ட்ரான்கள் உள்சவ்வில் கைமாறிக் கைமாறிப் போகும்; போகிற வேகத்தில் ஹைட்ரஜன் அயனிகளைச் சவ்வின் ஒரு பக்கமாகத் தள்ளித் தேக்குகின்றன. தேங்கினது சும்மா இருக்குமா? மேட்டூரில் தேக்கிய தண்ணீர் இறங்கும்போது டர்பைனைச் சுற்றுகிற மாதிரி, இந்த அயனிகள் திரும்பி வரும் வழியில் ஒரு குட்டிப் புரதச் சக்கரத்தை நிஜமாகவே சுற்றிவிடுகின்றன, ஏடிபி உருவாகிறது. பீட்டர் மிட்செல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1961இல் இந்த அயனித் தேக்கத்தைப் பற்றிச் சொன்னபோது பலர் நம்பவில்லை, 1978இல் நோபல் பரிசு வந்தது. ஆக்சிஜனுக்கு வேலை கடைசியில்தான்: களைத்துப்போன எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தண்ணீராக மாறுவது. அது வராவிட்டால் வரிசை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும்.

இப்போது உங்கள் சாக்குக்கு வருகிறேன். சர்க்கரையில் இருக்கும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் ஏடிபியாகச் சேர்கிறது, மற்றதெல்லாம் வெப்பமாகக் கழிகிறது. லட்சக்கணக்கான விதைகளைக் கட்டி மூடிவிட்டால் அது எங்கே போகும்? அதனால் அவ்வப்போது பிரித்துக் கிளறி, தண்ணீர் தெளியுங்கள். சூடு மிஞ்சினால் முளை செத்துவிடும். பிளாஸ்டிக் சாக்கில் இறுக்கிக் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், காற்று போகாவிட்டால் புளித்த வாடைதான் மிஞ்சும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்று கறாராகப் பார்ப்பது கோபம் வரவைக்கும் விஷயம்தான், ஆனால் ஈரநெல்லைக் குவித்துவைத்தால் நெல்லும் அதில் ஏறும் பூஞ்சையும் சேர்ந்து மூச்சுவிட்டு அம்பாரத்தையே சுட வைத்துவிடும்.

கேள்வி: நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தானே, பிறகு ஏன் கார்த்திகை மழையில் மூழ்கினால் அழுகுகிறது? – வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: நுனி வெளியே இருக்கும்வரை கவலையில்லை. இலையிலிருந்து வேர் வரைக்கும் நெல்லுக்குள் காற்றுக்குழல் ஓடுகிறது, வேர் அதில் மூச்சு வாங்கும். நுனியும் மூழ்கிவிட்டால், தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவுவது காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு. கலங்கல் தண்ணீரில் வெயிலும் இறங்காது. செல்கள் வேறு வழியில்லாமல் சர்க்கரையைப் புளிக்கவைத்துச் சாராயமாக்கிப் பிழைக்கின்றன, குளுக்கோஸுக்கு வெறும் 2 ஏடிபி. இருப்பு சீக்கிரம் காலி. இதில் சில ரகங்கள் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்க அவசரமாக நீண்டு, இருந்ததையும் செலவழித்து, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடுகின்றன. சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகங்களில் உள்ள மரபணு அந்த அவசரத்தைத் தடுக்கிறது. பயிர் வளராமல், சேமிப்பைத் தொடாமல், இரண்டு வாரம் வரை மூச்சடக்கிக் கிடக்கும். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து வந்த குணம் இது.

கேள்வி: ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்கிறார் சார். இணையத்தில் 30, 32 என்று போட்டிருக்கிறது. எது சரி? – பிளஸ் 1 மாணவர், கும்பகோணம்

பதில்: தம்பி, 38 பழைய கணக்கு. ஒவ்வொரு எலக்ட்ரான் ஜோடிக்கும் 3 அல்லது 2 ஏடிபி என்று முழு எண்ணாக வைத்துக் கூட்டியது. அளந்து பார்த்தபோது அது 2.5, 1.5 என்று குறைந்தது, அதனால்தான் 30 அல்லது 32. ஏடிபியை 1929இல் ஜெர்மனியில் லோமன் கண்டுபிடித்தார், அதே சமயம் அமெரிக்காவில் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனியாகக் கண்டுபிடித்தார்கள். சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இதைச் சாரிடம் போய்ச் சொல், சந்தோஷப்படுவார். பரீட்சையில் மட்டும் உன் பாடப்புத்தகத்தில் என்ன எண் இருக்கிறதோ அதையே எழுதிவிட்டு வா.