வாழ்வின் தருணங்களைப் பற்றிய என் கவிதைகளைச் சிறு தொகுப்பாகப் போட விரும்புகிறேன். எதை வைப்பது, எதை விடுவது?

கல்யாணம், குழந்தை பிறந்தது, அப்பாவின் மறைவு என்று எண்பது கவிதைகள் கையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நண்பர்களின் கவிதைகளை அச்சுக்குப் போகும் முன் படித்துக் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

'மறக்க முடியாத', 'அந்த நொடியில்', 'உயிர் உறைந்தது' போன்ற சொற்கள் வரும் கவிதைகளை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். அந்தச் சொற்களை அடித்துவிட்டு மறுபடி படியுங்கள். மிச்ச வரிகளில் தருணம் அப்படியே நின்றால் கவிதை உள்ளே வரலாம். நிற்கவில்லை என்றால், நடந்தது உங்களுக்கு மட்டுமே தெரிகிறது, வாசகருக்கு வந்து சேரவில்லை.

நவீன கவிஞர் தேவதச்சனின் ஒரு கவிதையில் ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருக்கிறார். காதில் குருவிகளின் சத்தம் விழுகிறது. துவைத்துக்கொண்டே இருக்கிறார், குருவிகளின் நிசப்தம் விழுகிறது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு சத்தம் நின்றுபோவதை நாமும் கவனிக்கத் தொடங்குகிறோம். இது புதுசும் இல்லை. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில், தன்னோடு கூடியவன் பொய் சொன்னால் என்ன செய்வேன் என்று கலங்கும் பெண்ணுக்குச் சாட்சி ஒரு குருகுதான், ஒரு நீர்ப்பறவை. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. தினைத்தாள் போன்ற அதன் காலைச் சொல்லக் கபிலருக்கு இடம் இருந்தது, 'துயரம்' என்ற சொல்லுக்கு இடம் தேவைப்படவில்லை. அந்தப் பாட்டு மொத்தமே 5 அடி.

அப்பாவைப் பற்றிய கவிதைகளில்தான் கை நடுங்கும். எல்லாவற்றையும் வைக்கத் தோன்றும். மூன்று போதும் என்பேன். 'நீ இல்லாத வீடு' என்று விளிக்கும் கவிதையை விட, அவருடைய கண்ணாடிக் கூடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லும் கவிதையை எடுங்கள்.

அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 4 ஃபாரம் என்றால் 64 பக்கம். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் போக, பக்கத்துக்கு ஒன்று வைத்தாலும் ஐம்பது கவிதைக்குமேல் கொள்ளாது. குறைவு என்று தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்: 1962இல் சி.சு. செல்லப்பா கொண்டுவந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 கவிஞர்களுக்கும் சேர்த்தே 63 கவிதைகள்தான். தமிழ்ப் புதுக்கவிதையில் அதற்கு இன்றும் தனி இடம் உண்டு.

வரிசையில் ஒன்றைத் தவிர்த்துவிடுங்கள். கல்யாணம், குழந்தை, மரணம் என்று வாழ்க்கை நடந்த வரிசையிலேயே அடுக்கினால் குடும்ப ஆல்பம் புரட்டுவது மாதிரி ஆகிவிடும். மரணக் கவிதைக்குப் பக்கத்தில் ஒரு சாதாரணக் காலையைப் பற்றிய கவிதையை வைத்துப் பாருங்கள், இரண்டுமே மாறும். கவிதைக்கடியில் தேதியோ பின்னணிக் குறிப்போ வேண்டாம். சமர்ப்பணத்துக்குத் தனிப் பக்கம் ஒன்று போதும். அணிந்துரை எழுதுபவரிடமும், எந்தக் கவிதை எந்தச் சம்பவத்தில் பிறந்தது என்று எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், மெய்ப்பு (அச்சிடும் முன் திருத்தத் தரும் படி) வந்ததும் எழுத்துப்பிழையோடு பக்கம் உடையும் இடங்களையும் பாருங்கள். பக்கத்தை விடக் கொஞ்சம் நீளமான கவிதையின் கடைசி இரண்டு வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். வடிவமைப்பவரிடம் சொல்லி, எதிரெதிர்ப் பக்கங்களிலாவது வரும்படி மாற்றிவிடுங்கள்.