வெந்தால் மட்டும் போதுமா?

அடுப்படிப் பெரியம்மா பதில்கள்

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது என்பது எனக்குக் காலண்டரைப் பார்த்துத் தெரிவதில்லை. ‘ரோஸ்ட்’ என்ற சொல் உங்கள் கடிதங்களில் வரத் தொடங்கினால் தெரிந்துவிடும். இந்த முறை கூடவே ஸ்லோ குக்கரும் வந்திருக்கிறது, மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பானை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். ரசப்பொடி கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

பெரியம்மா, அமெரிக்காவில் இருக்கும் என் மகள் ஊருக்கு வந்திருந்தபோது ஸ்லோ குக்கர் வாங்கித் தந்துவிட்டுப் போனாள். அங்கே அவள் பாட் ரோஸ்ட் செய்வாளாம். பெரிய இறைச்சித் துண்டத்தை நறுக்காமல், கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயத்தோடு மூடிவைத்து நாள் முழுக்க வேகவிடுவது. நானும் ஆட்டுத் தொடையில் செய்து பார்த்தேன். காலை எட்டு மணிக்குப் போட்டு மாலை ஐந்து மணிக்குத் திறந்தால் கறி வெந்திருந்தது, ஆனால் மணமே இல்லை. உள்ளே குளம் போலத் தண்ணீர். என் வீட்டுக்காரர் “ஆஸ்பத்திரிச் சாப்பாடா?” என்று கேட்டுவிட்டார். எங்கே தவறினேன்?
— ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள் என்று எழுதவில்லை. நானே சொல்லட்டுமா? கறி மூழ்கும் வரை. குழம்புக்கு ஊற்றிப் பழகிய கை அப்படித்தான் ஊற்றும். ஆனால் இந்தப் பானையில் ஆவி வெளியே போக வழியில்லை. மூடியில் முட்டி, வேர்த்து, திரும்பவும் உள்ளேயே சொட்டுகிறது. கறியும் வெங்காயமும் தங்கள் பங்குக்கு நீர் விடும். ஒன்றேகால் கிலோ கறிக்கு முக்கால் டம்ளர் தண்ணீர் போதும். ‘அடிப்பிடிக்காதா?’ என்று பயப்படுவீர்கள். மூடி சரியாக மூடியிருந்தால் பிடிக்காது.

மணத்துக்கு வருவோம். ஸ்லோ குக்கர் கறியை மெத்தென்று ஆக்கித் தரும், அவ்வளவுதான் அதன் வேலை. அதற்குள் இருக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து முறுகி மணப்பதற்கோ 140 டிகிரியாவது வேண்டும். ஆகவே எட்டு மணி நேரம் இல்லை, எண்பது மணி நேரம் வைத்தாலும் அந்த மணம் அதற்குள் பிறக்காது. பானைக்குள் போகும் முன் ஒரு முறையும், வெளியே வந்த பின் ஒரு முறையும் நீங்கள்தான் அடுப்பைப் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும்.

நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். முதல் நாள் இரவு கறி முழுவதும் இரண்டு டீஸ்பூன் உப்பைத் தேய்த்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் எடுத்து, சுத்தமான துணியால் ஈரம் போக ஒற்றி எடுப்பேன். இதைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். ஈரக் கறி சட்டியில் வேகுமே தவிர முறுகாது. இரும்புச் சட்டியில் மூன்று கரண்டி கடலை எண்ணெய் விட்டு, நன்றாகக் காய்ந்ததும் கறியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். புரட்டிப் புரட்டிப் பார்க்கக் கூடாது. முதலில் சட்டியோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். நாலைந்து நிமிடத்தில் ஓரம் சிவந்ததும் தானே விட்டுக்கொடுக்கும். அப்போது திருப்புங்கள். எல்லாப் பக்கமும் சேர்த்து இருபது நிமிடம் ஆகும்.

கறியை எடுத்த பிறகு சட்டியின் அடியில் கருஞ்சிவப்பாகக் காந்தல் ஒட்டியிருக்கும். அதைத்தான் நாம் தேய்த்துக் கழுவித் தொட்டியில் ஊற்றிவிடுகிறோம், வயிறெரிகிறது எனக்கு! அதே சட்டியில் கால் கிலோ சின்ன வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, இரண்டு அங்குலப் பட்டை, நாலு கிராம்பு போட்டு வதக்கி, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு அரை மேசைக்கரண்டி, சீரகம் ஒரு டீஸ்பூன் சேர்த்து, அந்த முக்கால் டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றுங்கள். மரக்கரண்டியால் சுரண்டினால் காந்தல் முழுவதும் கரைந்து வரும். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். ஒரு மேசைக்கரண்டி வினிகரும் விடலாம். இதுதான் கறிக்குப் போக வேண்டிய தண்ணீர், குழாய்த் தண்ணீர் அல்ல.

குக்கரின் அடியில் கிழங்கும் கேரட்டும், அவற்றின் மேல் கறி, அதன் மேல் இந்தச் சாறு. கறிதானே வேக நேரமாகும், அதை அடியில் வைக்கலாமே என்று தோன்றும். இந்தப் பானையில் நிலைமை தலைகீழ்: கிழங்குகள்தான் கடைசி வரை பிடிவாதம் பிடிக்கும். சூடு அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதால் அவற்றுக்கே அந்த இடம். உருளைக்கிழங்கைவிட எனக்குப் பிடித்தது நம் ஊர்ச் சிறுகிழங்கு. மார்கழி, தை மாதங்களில் சந்தையில் குவிந்திருக்கும். சாக்கில் போட்டு, முடிச்சிட்டு, தரையில் புரட்டித் தேய்த்தால் தோல் போய்விடும். எட்டு மணி நேரம் வெந்தாலும் உருக்குலையாது, சாறு முழுவதையும் குடித்துவிட்டு முழுசாகவே நிற்கும். மகளிடம் சொல்லுங்கள், இது அவளுக்கு அங்கே லேசில் கிடைக்காது.

குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம். இடையில் திறந்து பார்க்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் இழந்த சூடு திரும்ப இருபது, முப்பது நிமிடம் ஆகும்.

மாலையில் கறியைத் தட்டுக்கு மாற்றி, கால் மணி நேரம் சும்மா விடுங்கள். அதற்குள் சாற்றை இரும்புச் சட்டிக்கு மாற்றி, மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டு, பெரிய தீயில் பாதியாகச் சுண்டும் வரை கொதிக்கவிட வேண்டும். நம்மூர் அல்வாவில் கோதுமைப் பாலை மணிக்கணக்கில் கிண்டுகிறார்களே, எதற்காக? தண்ணீர் போய்ச் சாரம் நிற்பதற்குத்தானே! இறக்கும்போது புதிதாகப் பொடித்த மிளகு ஒரு டீஸ்பூன், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. காலையில் போட்ட மிளகில் இப்போது காரம் இருக்கும், வாசம் இருக்காது. கறியை நாருக்குக் குறுக்கே அறுத்து, மேலே சாற்றை ஊற்றிப் பரிமாறுங்கள். உங்கள் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று எழுத மறக்க வேண்டாம்.

*

தொடை நல்லதா, சப்பை நல்லதா? கடையில் வெட்டாமல் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

முன்னங்கால் சப்பை. விலை கூடியது நல்லது என்று எல்லோரும் தொடைக்குப் போகிறார்கள். தொடையில் சவ்வு குறைவு, நீண்ட நேரம் வெந்தால் சக்கையாக உலர்ந்துவிடும். சப்பையில் எலும்பைச் சுற்றிச் சவ்வும் நரம்பும் ஓடும். அது மெல்லக் கரைந்து பசை போலச் சாற்றில் இறங்குவதால்தான் கறி வழுவழுப்பாகிறது. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னி ஆடு போல வெயிலில் அலைந்து மேய்ந்த ஆடென்றால் கறி இறுக்கமாக இருக்கும், இன்னும் ஒரு மணி நேரம் கூட்டி வையுங்கள்.

அமெரிக்காவில் பாட் ரோஸ்டுக்கு வழக்கமாக எடுப்பது மாட்டின் தோள்பட்டைக் கறி. ‘சக்’ என்பார்கள். காரணம் இதேதான். மாட்டிறைச்சி சாப்பிடும் வீடுகளில் அந்தப் பகுதியையே கேட்டு வாங்குங்கள்.

வெட்டாமல் வாங்குவதற்கு ஒரே வழி, சனிக்கிழமையே சொல்லிவைப்பது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றுகொண்டு “முழுசாகக் கொடுங்கள் பாய்” என்றால் அவர் கேட்பதற்குள் கத்தி இறங்கியிருக்கும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆகி, ரோஸ்ட் சுக்காவாக மாறியிருக்கிறது.

*

என் தம்பி அமெரிக்காவிலிருந்து ஸ்லோ குக்கரைக் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறான். அங்கே விலை மலிவாம்.
— ஒரு வாசகி, நாங்குநேரி

வேண்டாம். என் கதையைக் கேளுங்கள். முப்பது ஆண்டுகள் ஒரு பள்ளி விடுதியின் சமையலறையைக் கட்டி மேய்த்தவள் நான். மின்சாரத்தில் மட்டும் கைநாட்டு. என் மகன் ஆசையாகத் தூக்கிவந்த குக்கரின் பிளக்குக்கு ஓர் அடாப்டரை மாட்டி, நேராகச் சுவரில் செருகிவிட்டேன். அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. கிட்டத்தட்ட நாலு மடங்கு சூடு ஏறி, பத்தாவது நிமிடம் ரப்பர் கருகும் நாற்றம், இருபதாவது நிமிடம் வீடே இருட்டு. உள்ளே இருந்த பீங்கான் பானை மட்டும் தப்பியது. இப்போது அதில் ஊறுகாய் இருக்கிறது.

இங்கேயே 230 வோல்ட்டுக்கானதை வாங்குங்கள். 250 வாட் குக்கர் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட்தான்.

*

பிரஷர் குக்கரில் முக்கால் மணி நேரத்தில் வேகும் கறிக்கு எட்டு மணி நேரமா? இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு.
— ஒரு வாசகர், தென்காசி

கோபம் நியாயம்தான். நாள் முழுக்க வீட்டில் இருப்பவர் என்றால் இதை வாங்கவே வேண்டாம். அடிகனமான பாத்திரத்தில், சிறு தீயில், மூடிபோட்டு மூன்றரை மணி நேரம் வைத்தால் இதைவிட நன்றாகவே வரும். காலையில் வேலைக்குக் கிளம்பி மாலையில் திரும்புகிறவர்களுக்கு ஆன பானை இது.

ஆனால் பணக்காரர் விளையாட்டு என்பதை ஒப்ப மாட்டேன். இதை வடிவமைத்த இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1940-இல் காப்புரிமை பெற்றார். யோசனை அவர் அம்மா சொன்ன கதையிலிருந்து வந்தது. லித்துவேனியாவில் யூதர்கள் ஓய்வுநாளில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். அதனால் முந்தைய மாலையே கறியும் பயறும் போட்ட பானையை ஊர் ரொட்டிக்கடை அடுப்பின் மீந்த சூட்டில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்களாம். ‘கிராக் பாட்’ என்ற பெயரில் அது 1971-இல் கடைக்கு வந்தது. என் ஆச்சி உமி அடுப்பில் பால்சட்டியை ஏற்றிவிட்டு வயலுக்குப் போய், பொழுது சாயத் திரும்பும்போது பால் செங்கல் நிறத்தில் ஆடை கட்டிக் கிடக்கும். அவளிடம் காப்புரிமை இல்லை, அவ்வளவுதான்.

*

சொதி போல இருக்கட்டும் என்று தேங்காய்ப்பால் ஊற்றினேன். திரிந்துவிட்டது.
— ஒரு வாசகி, வள்ளியூர்

சொதிக்குத் தலைப்பாலை எப்போது ஊற்றுவீர்கள்? இறக்கும்போதுதானே! இங்கும் அதே சட்டம். கடைசி அரை மணியில் ஊற்றுங்கள்.

*

ராஜ்மாவைக் கறியோடு சேர்த்துப் பச்சையாகவே போடலாமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி நகரம்

கூடாது. அதில் ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது, மெல்லிய சூட்டில் அது அழியாது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே குக்கருக்குள் போக வேண்டும். ஃப்ரீசரில் கல்லாக உறைந்த கறியையும் அப்படியே போடாதீர்கள். சூடு ஏறுவதற்குள் கெட்டுப்போகும்.

*

நாங்கள் வெளியே போயிருந்தபோது மின்சாரம் நின்றிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, சாப்பிடலாமா?
— ஒரு வாசகி, சேரன்மகாதேவி

கொட்டிவிடுங்கள். மனம் வராது, எனக்கும் வராது. ஆனால் வெதுவெதுப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த கறியை மூக்கால் சோதிக்க முடியாது. வீட்டில் இருக்கும்போது நின்றால் கவலையில்லை, உடனே எரிவாயு அடுப்புக்கு மாற்றி வேகவைத்துவிடலாம்.

*

மீந்த ரோஸ்டை ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் சாறு முழுக்க ஜெல்லி போல ஆடிக்கொண்டிருந்தது. கெட்டுவிட்டது என்று என் மாமியார் கொட்டிவிட்டார்.
— ஒரு வாசகி, களக்காடு

அடடா! சப்பையின் சவ்வு கரைந்து உறைந்ததுதான் அந்த ஜெல்லி. நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்த முறை அதில் இரண்டு கரண்டியை இரும்புச் சட்டியில் உருக்கி, மீந்த கறியைப் பிய்த்துப் போட்டு, நறுக்கிய சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்துப் புரட்டி, தோசையோடு முதலில் மாமியாருக்கு வையுங்கள். எங்கிருந்து வந்தது என்று சாப்பிட்டு முடிக்கும் வரை சொல்ல வேண்டாம்.