காயம் பட்டதும் பக்கத்துச் செல்களுக்கு அது எப்படித் தெரிகிறது?

செல்களுக்கு மூளையா இருக்கிறது, அப்புறம் எப்படி ஒரு வெட்டு விழுந்ததும் எல்லாம் சேர்ந்து வேலையில் இறங்குகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். வேதிப்பொருள்தான் அவற்றின் பேச்சு.

கிழிந்த செல்லிலிருந்து ஏடிபி என்ற மூலக்கூறு வெளியே கொட்டும். செல்லுக்குள் எரிபொருளாக இருக்க வேண்டியது வெளியே கிடந்தால் அண்டைச் செல்களுக்கு அது அபாயச் சங்கு மாதிரி. உடனே அவற்றுக்குள் கால்சியம் அளவு எகிறி, செல்லுக்குச் செல் அலைபோலப் பரவுகிறது. அடுத்தது ஹைட்ரஜன் பெராக்சைடு (ஆமாம், புண் கழுவப் பயன்பட்ட அதே பொருள்தான்). 2009-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வரிக்குதிரை மீன் குஞ்சுகளின் வால் துடுப்பை வெட்டிப் பார்த்தபோது, காயத்தின் விளிம்பிலுள்ள செல்களே அதைத் தயாரிப்பதும், அந்தத் தடத்தைப் பிடித்து வெள்ளையணுக்கள் வந்து சேர்வதும் தெரிந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இது.

பிறகு ரத்தத் தட்டணுக்களும் மேக்ரோபேஜ்களும் (கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்கள்) வளர்ச்சிக் காரணிகளை, அதாவது செல்களை வளரத் தூண்டும் புரதங்களைச் சுரக்க, தோல் செல்கள் நகர்ந்து இடைவெளியை மூடும். இந்தக் காரணிகளைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஸ்டான்லி கோஹனுக்கும் ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் 1986-இல் நோபல் பரிசு.

சரி, சர்க்கரை நோயாளிகளுக்குப் புண் ஏன் ஆறத் தாமதமாகிறது? ரத்த ஓட்டம், கிருமித்தொற்று எல்லாம் காரணம்தான், ஆனால் செல்களுக்கு இடையிலான பேச்சில் கோளாறும் உண்டு. அண்டைச் செல்களை இணைக்கும் வாய்க்கால் கனெக்சின் 43 என்ற புரதத்தால் ஆனது. காயத்தின் விளிம்பில் அது ஓரிரு நாளில் குறைந்தால்தான் செல்கள் பிடியை விட்டு நகரும். நீரிழிவு எலிகளிலோ அது குறைவதற்குப் பதில் கூடிவிடுகிறது. அதைத் தடுத்துப் பார்த்தபோது புண் வேகமாக ஆறியது.