நாலு வாய் சோறு போதுமா?

கேள்வி: என் பேரனுக்கு இப்போதுதான் மூன்று வயது முடிந்தது. மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. பிள்ளை என் கையில். காலையில் அரை ரொட்டி, மத்தியானம் நாலைந்து வாய் சோறு. இரவில் எவ்வளவு கெஞ்சினாலும் வாயைத் திறப்பதில்லை. தேத்தண்ணீர் மட்டும் நாலு தடவை கேட்டு வாங்கிக் குடிப்பான். திடீரென்று ஒரு நாள் இரண்டு முட்டையைத் தின்றுவிட்டு மூன்றாவதும் கேட்கிறான். அடுத்த லயத்தில் இதே வயதுப் பிள்ளை ஒரு தட்டுச் சோற்றைக் காலி செய்கிறது. மகள் வீடியோவில் பார்த்து, “பிள்ளை மெலிந்துவிட்டான்” என்று அழுகிறாள். போன மாதக் கிளினிக்கில் நிறை 13 கிலோ. ஒரு பிள்ளை எவ்வளவுதான் சாப்பிட வேண்டும்?
- ஓர் அம்மாயி, பொகவந்தலாவை

பதில்: அம்மா, முதலில் அந்த 13 கிலோவைப் பேசுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுப்படி, மூன்று வயது ஆண் பிள்ளையின் நடுத்தர நிறை 14.3 கிலோ. 11.3 கிலோவுக்குக் கீழே போனால்தான் நிறை குறைந்த பிள்ளை என்பார்கள். உங்கள் பேரன் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறான். இந்த வயதில் குழந்தைக் கொழுப்பு கரையும், கைகால் நீளும், கன்னம் வற்றும். மகள் விட்டுவிட்டுப் போனது ஒன்றரை வயதுக் கன்னத்தை. அவள் இன்னும் அதைத்தான் தேடுகிறாள்.

3 கிலோவில் பிறந்த பிள்ளை ஒரு வயதில் 9 கிலோவைத் தொட்டுவிடும். இரண்டு வயதுக்குப் பிறகோ வருடத்துக்கு ஏறத்தாழ 2 கிலோதான் கூடும். வளர்கிற வேகம் குறைய, பசியும் குறையும்.

அளவு கேட்டீர்கள். வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று ஒரு பழைய கணக்கு உண்டு. மூன்று வயதென்றால் ஒரு வேளைக்குச் சோறு 3 கரண்டி, பருப்பு 3, மரக்கறி 3. தட்டில் வைத்துப் பாருங்கள், கோழிக்குஞ்சுக்கு வைத்தது போலிருக்கும்! அங்கிருந்து தொடங்குங்கள், கேட்டால் இன்னும் வையுங்கள், கேட்காவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் முட்டை மேல் முட்டை, மறுநாள் வாய் பூட்டு என்பதும் நோயல்ல. 1991 இல் லீயன் பேர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2 முதல் 5 வயது வரையான 15 பிள்ளைகள் சாப்பிட்டதை ஆறு நாட்கள் அளந்தார்கள். வேளைக்கு வேளை அளவு ஏறி இறங்கியது. ஒரு நாளின் மொத்தக் கணக்கு அவ்வளவாக மாறவில்லை. காலையில் விட்டதைப் பிள்ளை மாலையில் பிடித்துக்கொள்கிறது.

கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு வரி. நாலு தடவை தேத்தண்ணீர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தேயிலைக்கு நடுவில் வாழ்கிற நமக்கு அது கண்ணில் படுவதே இல்லை. பல் முளைக்காத பிள்ளைக்கும் சாயத்தண்ணீரில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டுகிறவர்கள்தானே நாம்; என் மூத்தவனுக்கு நானே ஊட்டியிருக்கிறேன். சின்ன வயிறு, நாலு கோப்பைச் சீனித் தண்ணீர். இரவுச் சோற்றுக்கு அங்கே ஏது இடம்? போதாததற்கு, தேயிலைச் சாயம் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேத்தண்ணீரை நிறுத்துங்கள். இரண்டு நாள் அழுவான், அழட்டும். பால் கொடுப்பதானால் நாளுக்கு இரண்டு கோப்பைக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டுக்குச் சாப்பாடு இரண்டரை, மூன்று மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். நடுவில் தாகத்துக்குக் கொதித்தாறிய தண்ணீர்.

உண்கிற நாலு வாய் கனமாக இருக்க வேண்டும். லீக்ஸும் கரட்டும் போட்ட தண்ணீர் சூப்பில் வயிறு நிரம்பும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. அதே சோற்றில் கட்டிப் பருப்பு, வறுத்துப் பொடித்த நெத்தலி, கொஞ்சம் தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசைந்து கொடுங்கள். முட்டை கேட்கிற பிள்ளைக்கு முட்டையைக் கொடுங்கள், அதற்கேன் கணக்கு? கைபேசியைக் காட்டி ஊட்டாதீர்கள். நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரவைத்து, அவன் கையாலேயே தின்னவிடுங்கள். சிந்தினால் கூட்டிக்கொள்ளலாம். அரை மணியில் தட்டு எழும்ப வேண்டும்.

இத்தனை சொன்னாலும், “குறைவாகத் தின்றாலும் பரவாயில்லை” என்று நம் மலையகத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நிறையை எழுதிய நீங்கள் உயரத்தை எழுதவில்லை. “நம் ஆட்கள் குட்டைதானே” என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அடுத்த கிளினிக்கில் உயரத்தையும் அளந்து கார்டில் வளர்ச்சிக் கோடு போட்டுத் தரும்படி குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். பூச்சி மருந்து கொடுத்த தேதியையும் விசாரியுங்கள். நிறைக் கோடு இரண்டு மூன்று மாதம் ஏறாமல் நின்றால், பிள்ளை வெளிறிப்போனால், மண் தின்றால், வயிற்றோட்டம் அடிக்கடி வந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

அடுத்த தடவை மகள் வீடியோவில் வரும்போது, அவன் முகத்துக்கு முன் அந்தக் கிளினிக் கார்டை விரித்துப் பிடியுங்கள். கோட்டை விரலால் தொட்டு, அவள் குவைத்துக்குப் புறப்பட்ட மாதம் எது, இந்த மாதம் எது என்று காட்டுங்கள். உயரம் தெரிந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.