மரம் மட்டும் ஏன் பச்சை பலூன் மாதிரி வருது?

கேள்வி: பொழுதுபோக்கா வாட்டர்கலர் பண்றேன். மரம் வரைஞ்சா பச்சை பலூன் மாதிரி நிக்குது, காஞ்சதும் கலர் வெளிறிடுது. தெருக் காட்சியில ஆளுங்கள சேர்க்கவும் பயமா இருக்கு. என்ன பண்ணலாம்?

பதில்: முதல்ல ட்யூப்ல வர்ற ரெடிமேட் பச்சையை அப்படியே பூசுறத நிறுத்துங்க. அல்ட்ராமரைன் நீலத்துல மஞ்சள் கலந்து துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு கலர்) சேர்த்தா பச்சை அடங்கி வரும், வெயில் பக்கம் மஞ்சள் தூக்கலா நிழல் பக்கம் நீலம் தூக்கலா வச்சீங்கன்னா மரத்துக்கு திரட்சி தானா வந்துடும். இலை இலையா வரையாதீங்க, கொத்து கொத்தா பாருங்க, நடுநடுவுல வானம் தெரியுற ஓட்டைய விடுங்க, கிளை அந்த ஓட்டையில மட்டும் எட்டிப் பார்த்தா போதும். மரத்தோட ஓரத்துக்கு தண்ணி கம்மியா எடுத்து, பிரஷ்ஷ படுக்க வச்சு, சொரசொரப்பான பேப்பர்ல இழுங்க.

காஞ்சா வெளிர்றது வாட்டர்கலரோட குணம், ஒரு படி அழுத்தமாவே போடுங்க. பாதி காஞ்ச இடத்துல ஈர பிரஷ் பட்டா திட்டுத்திட்டா பூத்துடும் (சில சமயம் அதுவே அழகா இருக்கும், அது வேற கதை). பேப்பர் 300 ஜிஎஸ்எம்னா (ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடை இருக்கிற தடிமனான பேப்பர்) அவ்வளவா நெளியாது.

ஆளுங்களுக்கு கண்ணு மூக்கெல்லாம் வேண்டாம். தலைக்கு ஒரு புள்ளி, உடம்புக்கு கீழ குறுகுற ஒரு தீற்றல், ஒரு கால குட்டையா விட்டா நடக்குற மாதிரி ஆயிடும். சமதரைன்னா உங்க உயரம் இருக்கிறவங்க தலையெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துல வரும், தூரம் போகப் போக கால்தான் மேல ஏறும். வெள்ளைச் சட்டை வேணும்னா அங்க பேப்பர அப்படியே விட்டுடுங்க.