கால் போனவருக்கு டயர் பிரிவா?

கேள்வி: அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 17 ஆண்டுகளாக ஓட்டுநராக இருக்கிறேன். விபத்தில் வலது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. ஓட்டுநர் பணிக்குத் தகுதியில்லை என்று மருத்துவக் குழு சான்றளித்த பிறகு, பணிமனையின் டயர் பிரிவில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுவதும் நிற்க முடியவில்லை. அடிப்படை ஊதியமும் குறையும் என்கிறார்கள். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். வேலைக்குப் போகாமல் நின்றுவிடவும் வேண்டாம். சொல்லாமல் நின்றால் உங்கள் பக்கம் நியாயம் இருந்தும் ஒழுங்கு நடவடிக்கைக்கு நீங்களே இடம் கொடுத்தவராவீர்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இன் 20(4) பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கவோ பதவியில் தாழ்த்தவோ கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே ஊதிய விகிதத்தோடும் பணிப் பலன்களோடும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படியோர் இடம் இல்லையென்றால், அது கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் கணக்குக்கு மேற்பட்ட ஒரு பணியிடத்தை உண்டாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். ஆகவே ஊதியக் குறைப்பு செல்லாது. 20(2) பிரிவு, ஊழியரின் குறைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்து தருவதையும் கடமையாக்குகிறது. மடங்காத காலோடு டயர் உருட்ட வைப்பதை அப்படிப்பட்ட ஏற்பாடு என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் உடற்குறை 40 விழுக்காடு இல்லையே என்று அலுவலகத்தில் மடக்கினால், அந்த அளவு இட ஒதுக்கீட்டுக்கு உரியது என்றும் 20(4) பிரிவில் அப்படி ஒரு வரம்பே எழுதப்படவில்லை என்றும் சொல்லுங்கள். 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தை ஒவ்வொரு பணிமனையிலும் ஊழியரே போய் விளக்க வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டியது இடைத்தரகர்களைப் பற்றி. ‘தலைமையகத்தில் ஆள் இருக்கிறது, எழுத்தர் இடம் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது இந்நேரம் உங்களை அணுகியிருப்பார். சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியதற்குத்தான் அவர் விலை சொல்கிறார். ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், வெற்றுத்தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். இதைவிட ஆபத்தானவர், சான்றிதழில் விழுக்காட்டைக் கூட்டிப் போட்டுத் தருவதாகச் சொல்பவர். மோசடியாகப் பலன் பெற்றால் இதே சட்டத்தின் 91 ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அந்த வழக்கில் நிற்கப்போவது நீங்கள், அவரல்ல.

தெரியாமல் ஏற்கெனவே ஓய்வு எழுதிக் கொடுத்தவர்கள் உங்கள் பணிமனையில் இருக்கக்கூடும். பஞ்சாப் மாநில மின் வாரியத்தில் பணிக்காலத்தில் பார்வையை முழுவதும் இழந்த ஓர் ஊழியர், தமக்கு ஓய்வும் மனைவிக்கு வேலையும் கேட்டு எழுதிக் கொடுத்தார். வாரியம் அதையே சாக்காக வைத்து அவரை அனுப்பிவிட்டது. சட்டம் தரும் பாதுகாப்பை அறியாமல் எழுதிய கடிதத்தை அவருக்கு எதிராகக் கொள்ள முடியாது என்றும், உண்மை நிலையை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது மேலதிகாரிகளின் கடமை என்றும் 2008 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995 ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின்கீழ் வந்த தீர்ப்பு என்றாலும், அதே பாதுகாப்புதான் இன்றைய சட்டத்திலும் இருக்கிறது. அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். ஆனால் இதை நம்பி நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. அந்த ஊழியர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. மேலும், இதைப் படித்துவிட்ட நீங்கள் இனி ‘தெரியாது’ என்றும் சொல்ல முடியாது.

இந்த வாரமே கிளை மேலாளர் வழியாக மேலாண் இயக்குநருக்கு மனு எழுதுங்கள். மருத்துவக் குழுச் சான்றின் நகலையும், நிற்கவும் சுமக்கவும் கூடாது என்று உங்கள் எலும்பு மருத்துவர் எழுதிய குறிப்பையும் இணையுங்கள். உட்கார்ந்து செய்யும் பணி எது என்பதை, நேரக் காப்பாளர் பிரிவு, பயணச்சீட்டுப் பிரிவு என்று நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு பிரதியை நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குக் கொடுங்கள்; பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடுங்கள், அதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. உங்கள் கைப்பிரதியில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் விழுந்த பிறகே அங்கிருந்து கிளம்புங்கள்.